விற்ற மோட்டார் சைக்கிளின் எண் தகடும் பதிவேட்டில் நிற்கும் பெயரும்

பழைய மோட்டார் சைக்கிளை விற்பவர், பணம் கைக்கு வந்து, சாவியும் பதிவுச் சான்றும் வாங்குபவரிடம் போய்ச் சேர்ந்ததும் விற்பனை முடிந்துவிட்டதாக நினைக்கிறார். இருவருக்கும் இடையிலான உடன்பாட்டைப் பொறுத்தவரை அது முடிந்ததுதான். ஆனால் அந்த வண்டி அதன் பிறகு சிவப்பு விளக்கைத் தாண்டினாலோ, யார் மீதாவது மோதினாலோ, ஒரு குற்றத்துக்குப் பயன்பட்டாலோ, காவல்துறையும் போக்குவரத்துத் துறையும் முதலில் பார்ப்பது வண்டியின் பின்புறத்தில் உள்ள எண்ணையும் அந்த எண்ணுக்கு நேரே பதிவேட்டில் எழுதப்பட்டுள்ள பெயரையும்தான். பணம் கைமாறும் நாளுக்கும் பதிவேட்டில் பெயர் மாறும் நாளுக்கும் இடையே எந்த நாட்டிலும் ஓர் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் நடப்பவற்றின் சுமை பெரும்பாலும் விற்றவர் தலையில் விழுகிறது. அதை மூடுவதற்கான வழியையும் பல நாட்டுச் சட்டங்கள் விற்றவர் கையிலேயே கொடுத்திருக்கின்றன. இந்த இரண்டாவது செய்தி பலருக்கும் தெரியாமல் போவதுதான் பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம்.

விற்கும்போது எண் தகட்டை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. எண் எதனோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து நாடுகள் இரண்டு வகையாகப் பிரிகின்றன. இந்தியாவிலும் பிரிட்டனிலும் எண் வாகனத்துக்கு உரியது; உரிமையாளர் எத்தனை பேர் மாறினாலும் அதே எண் வண்டியோடு போகும். சுவிட்சர்லாந்தில் எண் தகடு வாகனத்தை வைத்திருப்பவரின் பெயரில் வழங்கப்படுகிறது. வண்டியை விற்றாலும் தகடு அவரிடமே இருக்கும், அடுத்த வண்டிக்கு அதையே மாட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஒரே நாட்டுக்குள் இரண்டு முறைகளும் உள்ளன. கலிபோர்னியாவில் சாதாரண எண் தகடு வண்டியோடு போகிறது. நியூயார்க்கிலும் புளோரிடாவிலும் விற்பவர் தகட்டைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு மாநிலத்தில் சரியான செயல் பக்கத்து மாநிலத்தில் தவறாகிவிடக்கூடும். வேறோர் ஊரில் விற்ற நண்பரின் அனுபவத்தைக் கேட்டு நடப்பது இந்த விஷயத்தில் ஆபத்தானது.

இந்த வேறுபாட்டின் வேர் நூறு ஆண்டுகளுக்கும் முந்தையது. நியூயார்க் மாநிலம் 1901இல் மோட்டார் வாகனங்களைப் பதிவு செய்யத் தொடங்கியபோது, அரசு எண் எதையும் கொடுக்கவில்லை. உரிமையாளர் தம் பெயரின் முதலெழுத்துகளைத் தாமே வண்டியில் பொறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கே அடையாளம் என்பது தொடக்கத்திலேயே மனிதரின் அடையாளமாக இருந்தது. பிரிட்டனில் 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் 1904 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, உள்ளூர் மன்றங்கள் வண்டிகளுக்கு எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதத் தொடங்கின. வழிகள் வேறானாலும் நோக்கம் ஒன்றே: சாலையில் ஓடும் ஒரு வண்டியிலிருந்து பொறுப்பேற்க வேண்டிய ஒரு மனிதரைச் சென்றடைவது. விற்பவருக்கான விதிகள் எல்லாம் இந்த நோக்கத்திலிருந்தே பிறக்கின்றன என்று புரிந்துகொண்டால், அவை வெறும் அலுவலகச் சடங்குகளாகத் தோன்றமாட்டா.

எண் வண்டியோடு போகும் முறையில் விற்பவர் தகட்டைத் தொடவே கூடாது. இந்தியாவில் 2019 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் புதிய வாகனங்கள் அனைத்திலும் உயர் பாதுகாப்புப் பதிவெண் தகடு பொருத்தப்படுகிறது. குரோமியம் பூச்சுள்ள ஹோலோகிராமும், லேசரால் பொறிக்கப்பட்ட தனி அடையாள எண்ணும் கொண்ட அந்தத் தகடு, ஒருமுறை பூட்டினால் உடைத்தால்தான் கழலும் வகையில் பொருத்தப்படுவது. அதைக் கழற்றி நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ள முயல்வது வாங்குபவரை எண்ணில்லாத வண்டியோடு சாலையில் விடுவதாகும். பணம் கட்டிப் பெற்ற விருப்ப எண்ணாக இருந்தால் விற்பதற்கு முன்பே யோசிக்க வேண்டும். பிரிட்டனில் தனக்குப் பிடித்த எண்ணைத் தக்கவைத்துக்கொள்ள விரும்புபவர் வண்டியை விற்கும் முன் அதற்கு விண்ணப்பித்து, வண்டிக்கு மாற்று எண் வாங்கிவிட வேண்டும். அப்படிச் செய்யாமல் விற்றால் அந்த எண்ணின் உரிமையும் வண்டியோடு போய்விடும். கலிபோர்னியாவிலோ சிறப்பு வகைத் தகடுகள் உரிமையாளருக்கு உரியவை என்பதால், சாதாரணத் தகட்டை விட்டுக்கொடுப்பவரும் சிறப்புத் தகட்டைக் கழற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தகடு உரிமையாளரோடு நிற்கும் முறையில் கடமை நேர்மாறானது. வண்டி கையை விட்டுப் போகும் முன்பே தகட்டைக் கழற்றிவிட வேண்டும். பிறகு அதை அடுத்த வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது பெறலாம். இங்கே வாங்குபவர் வண்டியை எப்படி வீட்டுக்குக் கொண்டு போவார் என்ற சங்கடம் எழுகிறது. "இன்று மட்டும் உங்கள் தகட்டோடு ஓட்டிக்கொண்டு போகிறேன், நாளை தபாலில் அனுப்பிவிடுகிறேன்" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த ஒரு நாளில் அந்தத் தகட்டின் கீழ் நடப்பதெல்லாம் விற்றவர் பெயரில்தான் எழுதப்படும் என்பதால், இதற்கு இணங்கக் கூடாது. இதற்கென்றே தற்காலிக ஏற்பாடுகள் உள்ளன. ஜெர்மனியில் பதிவு நீக்கப்பட்ட வண்டியை வாங்குபவர், அதிகபட்சம் ஐந்து நாள் செல்லுபடியாகும் குறுகிய காலத் தகட்டைக் காப்பீட்டுடன் பெற்றுக்கொண்டு ஓட்டிச் செல்லலாம். அமெரிக்காவின் பல மாநிலங்கள் வழிப்பயண அனுமதி வழங்குகின்றன. மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை இன்னும் எளிய வழியும் உண்டு: சிறிய சரக்கு வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போய்விடலாம்.

ஜெர்மனி இந்த இரண்டு முறைகளுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே விற்பவர் முதலில் பதிவை நீக்கிவிட்டு விற்கலாம். அல்லது பதிவோடும் தகட்டோடும் விற்று, வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம். பதிவு நடப்பிலிருக்கும் வண்டியை ஓட்டிப் பார்க்க முடியும் என்பதால் வாங்குபவர் இரண்டாவது வழியை விரும்புவார். தன் பொறுப்பு அன்றே முடிய வேண்டும் என்பதால் விற்பவருக்கு முதல் வழியே நல்லது. அறிமுகமில்லாதவருக்கு விற்கும்போது பதிவை நீக்கிவிட்டு விற்பதே மேல் என்பது என் கருத்து. ஜப்பானில் 125 சிசி வரையிலான சிறிய மோட்டார் சைக்கிள்களின் பதிவை நகராட்சி அலுவலகங்களே கவனிக்கின்றன. விற்பவர் தகட்டைத் திருப்பிக் கொடுத்து, பதிவு நீக்கப்பட்டதற்கான சான்றைப் பெற்று, அதை வாங்குபவரிடம் கொடுக்கிறார். அவர் தம் ஊர் அலுவலகத்தில் புதிய தகடு பெறுகிறார். அங்கே வாகன வரி ஏப்ரல் 1ஆம் தேதி பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே விதிக்கப்படுவதால், மார்ச் மாதக் கடைசியில் விற்பவர்கள் பெயரை நீக்குவதில் மிகக் கவனமாக இருக்கிறார்கள்.

தகட்டை விடவும் கனமான கேள்வி பதிவேடு பற்றியது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, உரிமை மாற்றத்தைத் தெரிவிக்கும் கடமையை இருவர் மீதும் தனித்தனியாகச் சுமத்துகிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வெளிமாநிலத்தில் பதிவான வாகனமாக இருந்தால் 45 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். விற்றவரின் அறிவிப்பு படிவம் 29. இருவரும் சேர்ந்து கையெழுத்திடும் பெயர் மாற்ற விண்ணப்பம் படிவம் 30. நடைமுறையில் நடப்பது வேறு. விற்றவர் இரண்டு படிவங்களிலும் கையெழுத்திட்டு, வாங்குபவர் பெயருக்கான இடத்தையும் தேதியையும் வெற்றாக விட்டு, வாங்கியவர் அல்லது தரகர் கையில் கொடுத்துவிடுகிறார். "பெயர் மாற்றத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்ற வாக்குறுதியோடு கதை முடிகிறது.

அந்த வெற்றுப் படிவம் ஒரு காசோலையில் தொகை எழுதாமல் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்குச் சமம். அதைப் பெற்றவர் பெயர் மாற்றாமலே இன்னொருவருக்கு விற்கலாம். அவர் மூன்றாமவருக்கு விற்கலாம். ஒவ்வொரு கையிலும் மாற்றக் கட்டணம் மிச்சமாகிறது, ஒவ்வொரு கையிலும் முதல் உரிமையாளரின் பெயரே நிற்கிறது. மோட்டார் சைக்கிளில் இது காரைவிட அதிகமாக நடப்பதற்குக் காரணம், வண்டியின் விலை குறையக் குறையப் பெயர் மாற்றத்துக்கான செலவும் அலைச்சலும் அதோடு ஒப்பிடுகையில் பெரிதாகத் தெரிவதுதான். அமெரிக்காவிலும் இதே நோய் உண்டு. அங்கே உரிமை ஆவணத்தில் விற்பவர் கையெழுத்திட்டு, வாங்குபவர் பெயரை எழுதாமல் விட்டுவிடுவதும், இடைத்தரகர் தம் பெயரைப் பதிவு செய்யாமலே அதை அடுத்தவருக்குக் கைமாற்றுவதும் மாநிலச் சட்டங்கள் தடுக்கும் செயல்கள்.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பு ஒன்று தெளிவான சான்று. 2007இல் விற்கப்பட்ட ஒரு வாகனம் அதன் பிறகு வரிசையாகப் பல கைகளுக்கு மாறியது. பதிவேட்டில் பெயர் மட்டும் மாறவில்லை. 2009இல் அந்த வாகனம் விபத்தை ஏற்படுத்தியது. சட்டத்தின் 2(30) பிரிவின்படி யார் பெயரில் வாகனம் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றும், விபத்தில் பாதிக்கப்பட்டவரை ஒவ்வொரு விற்பனையாகத் தேடிக்கொண்டு அலைய விடக்கூடாது என்றும் கூறி, இழப்பீட்டுப் பொறுப்பைப் பதிவேட்டில் இருந்தவர் மீதே நீதிமன்றம் வைத்தது. விற்றவர் தரப்பில் நின்று பார்த்தால் இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் சாலையில் அடிபட்டுக் கிடப்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால், அவருக்குத் தெரியக்கூடியது தகட்டிலுள்ள எண் ஒன்றுதான். அந்த எண் காட்டும் பெயரும் பொய்யாகிவிட்டால் அவருக்குப் போக்கிடமே இல்லை. ஆகவே அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

பிற நாடுகள் இந்த இடைவெளியை வெவ்வேறு விதமாகக் குறுக்கியிருக்கின்றன. கலிபோர்னியாவில் விற்றவர் ஐந்து நாட்களுக்குள் உரிமை மாற்றம் மற்றும் பொறுப்பு விலக்கு அறிவிப்பைத் துறைக்கு அனுப்ப வேண்டும். வாங்கியவருக்குப் பெயரை மாற்றிக்கொள்ளப் பத்து நாட்கள். இந்த அறிவிப்பு பெயரை மாற்றுவதில்லை. ஆனால் குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு நடப்பவற்றுக்கு விற்றவர் பொறுப்பல்ல என்ற குறிப்பைப் பதிவேட்டில் ஏற்றிவிடுகிறது. வாங்கியவர் சோம்பலாக இருந்தாலும் விற்றவர் தப்பிக்க ஒரு தனிக் கதவை இப்படித் திறந்து வைத்திருப்பது நல்ல சட்ட அமைப்பின் அடையாளம். பிரிட்டனில் விற்றவரே இணையத்தில் புதிய பொறுப்பாளரின் விவரத்தைப் பதிவு செய்துவிடுகிறார். பதிவுப் புத்தகத்தின் சிறிய பச்சைப் பகுதியை மட்டும் கிழித்து வாங்குபவரிடம் கொடுக்கிறார். 2014 அக்டோபர் 1 முதல் அங்கே வாகன வரி வண்டியோடு மாறுவதில்லை. விற்றவருக்கு மீதமுள்ள முழு மாதங்களின் வரி திரும்பி வந்துவிடும், வாங்கியவர் ஓட்டத் தொடங்கும் முன் தாமே புதிதாகக் கட்ட வேண்டும். விற்றவர் அறிவித்தால்தான் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதால், அறிவிப்பதில் அவருக்கு ஆதாயமும் இருக்கிறது. அச்சுறுத்தலைவிட இது நன்றாக வேலை செய்யும்.

தொழில்முறை வியாபாரிகளிடம் விற்பவர்களுக்கு இந்தியாவில் ஒரு முக்கியமான மாற்றம் வந்திருக்கிறது. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வியாபாரியிடம் வண்டியை ஒப்படைக்கும்போது, அந்த ஒப்படைப்பு பதிவு அதிகாரிக்கு இணைய வழியில் தெரிவிக்கப்படுகிறது. அதன் பிறகு வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுகிறார். மாதக்கணக்கில் கடையில் நிற்கும் வண்டிக்கும், அதை ஓட்டிப் பார்ப்பவரின் தவறுக்கும் முதல் உரிமையாளர் பதில் சொல்லும் நிலையை மாற்றுவதே இதன் நோக்கம். ஆனால் அங்கீகாரச் சான்று உள்ள வியாபாரிக்கே இது பொருந்தும் என்பதால், விற்பவர் அந்தச் சான்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒப்படைப்பு பதிவானதற்கான ஒப்புகையையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெயர் மாற்றத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடியவற்றை விற்பதற்கு முன்பே தீர்த்துவிட வேண்டும். முதலாவது கடன். தவணையில் வாங்கிய வண்டியின் பதிவுச் சான்றில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஏறியிருக்கும். கடைசித் தவணையைக் கட்டினால் மட்டும் அது தானாக அழிந்துவிடாது. நிறுவனத்தின் தடையில்லாச் சான்றோடும் படிவம் 35ஓடும் விண்ணப்பித்து நீக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் குத்தகை (லீசிங்) ஒப்பந்தத்திலுள்ள வண்டிகளின் சான்றில், உடைமையாளரை மாற்றத் தடை என்ற குறியே பதியப்படுகிறது. அடுத்தது நிலுவையிலுள்ள அபராதங்கள். இணையத்தில் எண்ணைக் கொடுத்தால் தெரிந்துவிடும் இவற்றைக் கட்டி முடித்து, ரசீதையும் வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. மூன்றாவது, ஆவணத்திலுள்ள எண்களும் வண்டியிலுள்ள எண்களும் ஒத்துப்போவது. சேசிஸ் எண் பெரும்பாலும் கைப்பிடித் தண்டு நுழையும் சட்டகத்தின் கழுத்துக் குழாயிலும் இன்ஜின் எண் இன்ஜின் உறையிலும் பொறிக்கப்பட்டிருக்கும். இன்ஜின் மாற்றப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் அரிதல்ல. அந்த மாற்றம் பதிவேட்டில் ஏறாமல் இருந்தால் பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும், திருட்டு வண்டியோ என்ற ஐயமும் எழும். 17 எழுத்து நீளமுள்ள வாகன அடையாள எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் பயன்படுத்தப்படுவதில்லை. ஒன்று, சுழியம் ஆகியவற்றோடு குழம்பிவிடக்கூடாது என்பதே காரணம். விற்பனைக் கடிதத்தில் அந்த எண்ணை எழுதும்போது இதை நினைவில் வைத்தால் பிழை வராது.

இந்தியாவில் வேறு மாநிலத்தவருக்கு விற்கும்போது இன்னொரு படி கூடுகிறது. படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று பெற்றாக வேண்டும். வண்டி 12 மாதங்களுக்கு மேல் புதிய மாநிலத்தில் இருக்கப் போகிறதென்றால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். அதாவது வண்டியோடு போகும் எண்ணும் மாநில எல்லையில் நின்றுவிடுகிறது. தடையில்லாச் சான்று வாங்கிக் கொடுத்ததோடு தன் பெயர் நீங்கிவிட்டதாக விற்றவர் எண்ணக் கூடாது. புதிய மாநிலத்தில் பதிவு ஆகும் வரை பழைய பெயர் அப்படியேதான் இருக்கும்.

காப்பீட்டின் போக்கும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜெர்மனியில் அது வண்டியோடு வாங்கியவருக்குப் போகிறது. பிரிட்டனில் அது வாங்கியவருக்கு மாறுவதில்லை, அவர் தமக்கென்று எடுக்க வேண்டும். இந்தியச் சட்டத்தின் 157ஆம் பிரிவு, வாகனம் மாற்றப்பட்ட நாளிலிருந்து காப்பீடும் வாங்கியவருக்கு மாறியதாகக் கருதுகிறது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி மட்டும் வண்டிக்கு உரியதல்ல, அது காப்பீடு எடுத்தவருக்கு உரியது. விற்றவர் அதற்கான கடிதத்தைப் பெற்றுத் தம் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

விற்பனைக்கு முந்தைய நாட்களிலும் எண் தகடு கவனம் கேட்கிறது. விளம்பரப் படத்தில் எண் தெளிவாகத் தெரிந்தால், அதே நிறத்தில் அதே மாடல் வண்டி வைத்திருக்கும் ஒருவர் அந்த எண்ணைப் போலியாகப் பொருத்திக்கொள்ள வாய்ப்புண்டு. மோட்டார் சைக்கிளின் தகடு சிறியது, பல நாடுகளில் பின்புறம் மட்டுமே இருப்பது என்பதால் போலி செய்வதும் எளிது. மறுபுறம், நேர்மையான வாங்குபவருக்கு எண் தெரிந்தாக வேண்டும். வண்டியின் பரிசோதனை வரலாறு, அபராதம், கடன் ஆகியவற்றை அவர் எண்ணைக் கொண்டுதான் சரிபார்க்கிறார். பொதுப் படத்தில் எண்ணை மறைத்துவிட்டு, பேச்சு முற்றிய பின் கேட்பவருக்குத் தனியாகச் சொல்வதே சரியான வழி. பதிவுச் சான்றின் படத்தை யாருக்கும் முன்கூட்டியே அனுப்ப வேண்டியதில்லை. ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது வண்டி இன்னும் விற்பவரின் எண்ணிலும் பொறுப்பிலும்தான் இருக்கிறது என்பதால், ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்த பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும்.

வண்டியை ஒப்படைக்கும் நேரத்தில் எழுதும் கடிதத்தில் தேதி மட்டும் போதாது. மணியும் நிமிடமும் வேண்டும். காலையில் விற்ற வண்டி மதியம் கேமராவில் சிக்கினால், அபராத அறிவிப்பில் இருப்பது நேரம்தான். அதை எதிர்கொள்ள விற்றவரிடமும் நேரம் எழுதிய காகிதம் இருக்க வேண்டும். இருவரின் பெயர், முகவரி, அடையாள ஆவணத்தின் நகல், பதிவெண், சேசிஸ் எண், கிலோமீட்டர் அளவு, தொகை, இருவர் கையெழுத்து ஆகியவற்றோடு இரண்டு பிரதிகள் எழுதிக்கொள்ள வேண்டும். இந்தக் கடிதம் பதிவேட்டு மாற்றத்துக்கு மாற்றாகாது. பதிவேடு மாறத் தாமதமாகும் நாட்களில் இதுவே விற்றவரின் முதல் சான்று.

இத்தனையும் செய்த பிறகும், சில வாரங்கள் கழித்து இணையத்தில் எண்ணைக் கொடுத்துப் பார்த்து, உரிமையாளர் மாறியிருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மாறவில்லையென்றால் வாங்கியவரோடு தொலைபேசியில் வாதாடிக் காலம் கழிப்பதில் பயனில்லை. பதிவு அதிகாரிக்கே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, வண்டி எங்கே ஓடுகிறதென்றே தெரியாமல் இருப்பவர்களும் இதைச் செய்யலாம். வண்டியின் எண், சேசிஸ் எண், விற்ற தேதி, வாங்கியவரைப் பற்றித் தெரிந்த விவரம், கையிலுள்ள ரசீது அல்லது வங்கிக் கணக்கின் பதிவு ஆகியவற்றை இணைத்து, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும் தபாலில் அனுப்பி, அந்த ஒப்புகையைப் பத்திரப்படுத்த வேண்டும். பிரிட்டனில் பதிவுப் புத்தகம் கையில் இல்லாதவரும் இப்படிக் கடிதம் எழுதியே விற்பனையைத் தெரிவிக்க முடியும். கடிதம் சேர்ந்ததும் பழைய நாட்களின் பொறுப்பு நீங்கிவிடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பின்னர் ஒரு வழக்கு வரும்போது, விற்றவர் எந்த நாளில் தம் பங்கைத் தெரிவித்தார் என்பதற்கு அந்த ஒப்புகையில் தேதி இருக்கும்.